கை தூக்கியவர்கள்

"இதையும் பெல்காட்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு ரொட்டிக்கடை வேனையும் கொண்டாந்து இங்கே நிறுத்துவீங்க."

எங்கள் பெல்காட் கார் கிளப்பின் தலைவர் டெஸ்மண்ட் தாக்ரே, லோர்னாவின் சிவப்பு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தபடி சொன்னார். ஞாயிறு காலை. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷையரில் ஒரு மதுக்கடை முற்றம், பதினாலு கார்கள், ஆறிப்போன டீ. பத்தரைக்கு மலைச்சாலைப் பயணம் கிளம்ப வேண்டும். மணி பத்தேகால் ஆகியும் பேச்சு முடியவில்லை. கிளப் செயலாளர் நான். நேரத்துக்குக் கிளப்புவது என் பொறுப்பு.

லோர்னாவுக்கு நாற்பது வயது இருக்கும். கிளப்பில் சேர விண்ணப்பம் போட்டிருந்தாள். உறுப்பினர் வண்டிகள் மட்டும்தான் பயணத்தில் வரலாம். அதனால் முதலில் ஓட்டெடுப்பு. அவள் வண்டியோ, கையால் கார் செய்துவந்த பெல்காட் பட்டறையை, வேன் செய்யும் ஒரு பெரிய கம்பெனி வாங்கிய பிறகு செய்தது.

"பெரிய கம்பெனி வாங்கலைன்னா பெல்காட்டை இழுத்து மூடியிருப்பாங்க, தலைவரே," என்றான் உறுப்பினர்களில் ஒருவனான நெவில். "நூத்தியிருபது பேருக்கு வேலை போயிருக்கும்."

"மூடட்டுமே. மானத்தோட மூடியிருக்கலாம். என் வண்டி எழுபத்துநாலுல செஞ்சது. முன்னாலேருந்து பின்னால வரைக்கும் பெல்காட் பட்டறைக் கைவேலை. பெரிய கம்பெனியோட ஆணி ஒண்ணு காட்டு பார்ப்போம்."

"ஆணி இருந்தாத்தானே காட்டறதுக்கு? பாதி வண்டியைக் கம்பியால இல்ல கட்டி வெச்சிருக்கீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். டெஸ்மண்ட் சிரிக்கவில்லை.

"நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றாள் லோர்னா. "எதிர்ல பெல்காட் வந்தா ஸ்டியரிங்லேருந்து கையைத் தூக்கிக் காட்டணும்னு நமக்குள்ள ஒரு வழக்கம் இருக்கு இல்லையா? ரெண்டு வருஷமா நானும் தூக்கறேன். நம்பர் பிளேட்ல வண்டி எந்த வருஷத்துதுன்னு தெரியுமே, அதைப் பார்த்ததும் எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க. ஒருத்தராவது திருப்பிக் கை காட்ட மாட்டாங்களான்னுதான் இங்கே வந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது.

"எங்கேம்மா வேலை பார்க்கறே?" என்று கேட்டான் நெவில்.

அவள் டெஸ்மண்டைப் பார்த்தாள்.

"அவ வேலையா இப்ப முக்கியம்? நேரமாகுதுப்பா, ஓட்டெடுங்க," என்று டெஸ்மண்ட் குறுக்கே விழுந்தார். "சேர்க்கக் கூடாதுங்கறவங்க கை தூக்குங்க."

முதல் கை அவருடையது. ஒன்றைப் பார்த்து ஒன்றாக ஒன்பது ஆனது. பத்தாவது என்னுடையது. இருபது வருஷத் தலைவரை எதற்குப் பகைத்துக்கொள்வது?

"சரிங்க," என்றாள் லோர்னா. அவ்வளவுதான். வண்டியை எடுத்து வாசல் ஓரமாக நிறுத்திக்கொண்டாள். நாங்கள் போவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

இவ்வளவு பேச்சு வாங்கிக்கொண்டு வாயில்லாப்பூச்சி மாதிரி நிற்கிறாளே, திருப்பி நாலு வார்த்தை கேட்டால்தான் என்ன என்று எனக்கு அவள் மேலேயே எரிச்சல் வந்தது. தப்பு நம் பேரில் இருக்கும்போது எரிச்சல் அடுத்தவர் மேல்தானே பாய்கிறது.

பத்தரை. எல்லா வண்டிகளும் உறுமின, ஒன்றைத் தவிர. டெஸ்மண்டின் வண்டி இருமிவிட்டு அடங்கியது. மறுபடி சாவியைத் திருப்பினார். மறுபடி இருமல்.

பானெட்டைத் திறந்தார். "பெட்ரோல் பம்ப் போச்சு," என்றார். முகம் செத்துவிட்டது. இருபது வருஷமாக முதல் வண்டி அவருடையதுதான்.

"கைவேலைப் பம்ப்பாச்சே," என்றான் நெவில். "செஞ்ச கைக்கு இப்ப எங்கே போறது?"

மழை தூற ஆரம்பித்தது. ஆளாளுக்குக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அப்போது லோர்னா தன் வண்டியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இது சேருமான்னு பாருங்க."

டெஸ்மண்ட் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. உள்ளே என்ன, எந்த அளவு, ஒன்றும் கேட்கவில்லை. பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டார்.

"யாரும் கிட்ட வராதீங்க, வெளிச்சத்தை மறைக்குது."

"உன் வண்டிக்கு இந்தப் பம்ப் ஆகாதேம்மா. எப்படி வெச்சிருந்தே?" என்றான் நெவில்.

"சும்மா கிடந்துச்சு," என்றாள் லோர்னா.

கால் மணி நேரத்தில் வண்டி உறுமியது. டெஸ்மண்ட் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா? பழைய பட்டறைச் சாமான். இந்தக் காலத்துல எவன் இப்படிச் செய்யறான்?"

லோர்னா மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு தன் வண்டியில் போய் உட்கார்ந்தாள். வரிசை அவளைத் தாண்டிப் போனது. ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தூக்கினாள். முதலில் போன டெஸ்மண்ட் நேராகப் பார்த்துக்கொண்டு போனார். பின்னால் போனவர்களும் அப்படியே.

கடைசி வண்டி என்னுடையது. குப்பையைப் பொறுக்கிவிட்டுக் கிளம்புவது செயலாளர் வேலை. டெஸ்மண்டின் வண்டி நின்ற இடத்தில் அந்தப் பொட்டலக் காகிதம் நனைந்து கிடந்தது. அதில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பெரிய கம்பெனியின் உதிரிபாகக் கடைச் சீட்டு.

"பழைய சரக்கு வேன் பெட்ரோல் பம்ப் – ஒன்று. வாடிக்கையாளர்: டி. தாக்ரே. குறிப்பு: வழக்கம்போல் கம்பெனி பெயரை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டுக் கொடுக்கவும்."

கீழே, கவுன்ட்டரில் ஆர்டர் எடுத்தவரின் கையெழுத்து: லோர்னா.