நிழலில் உட்கார்ந்த நாய்

நாய் கடைசிப் பானையையும் முகர்ந்து பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தது. பள்ளி மைதானத்தில் கூடியிருந்த ஊர் கொல்லென்று சிரித்தது.

“இந்த நாய்க்குத்தான் வீடு வீடா வந்து காசு கேட்டீங்களா?” என்று முழங்கினார் பெற்றோர் சங்கத் தலைவர் சாரூன்.

அவர் கேட்டது கன்ஹாவை. பதினோராம் வகுப்பு மாணவி அவள். பத்தம்பாங் மாகாணத்தின் அந்த எல்லைக் கிராமத்தில், போர் முடிந்துவிட்டதை மனிதர்கள் அறிந்திருந்தார்கள். மண் இன்னும் அறியவில்லை.

கண்ணிவெடி தேடும் நாய் ஒன்றின் ஓராண்டுச் செலவை ஏற்க வேண்டும். வயலில் காலைப் பறிகொடுத்த வகுப்புத் தோழி ஸ்ரெய்நிச்சுக்குப் புதுக் கால் பொருத்த வேண்டும். அதற்காகவே வாழையிலையில் கட்டிய அரிசிப் பண்டத்தைச் சந்தை சந்தையாக விற்றார்கள் அந்த வகுப்பு மாணவர்கள். ஸ்ரெய்நிச் வளர்ந்துவிட்டாள், அவளது பொய்க்கால் வளரவில்லை.

முதல் நாளிலிருந்தே சாரூனுக்கு ஐயம். “நாய் பேரைச் சொல்லி எவனோ வயித்தை வளர்க்கிறான்” என்பது அவர் வாதம். அந்த ஐயத்தை ஊரறியத் தீர்க்கவே கன்ஹா இன்று நாயை வரவழைத்திருந்தாள்.

மாமரத்தில் தொங்கிய பள்ளி மணியைச் சுத்தியலால் ஓங்கித் தட்டிக் கூட்டத்தைத் தொடங்கியவரும் சாரூன்தான். அந்தப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் உள்ளதைப்போல் அதுவும் பழைய குண்டின் இரும்புக் கூடு. இரும்பு வியாபாரியிடம் வாங்கி அவரே பள்ளிக்கு அளித்த கொடை. அவர் பெயர் வெள்ளைச் சாயத்தில் அதன்மேல் துலங்கியது.

நாயை அழைத்துவந்த பயிற்சியாளன் பிசேத்துக்கு அவர் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று. “வெடிமருந்து டப்பாவை நான்தான் பானையில ஒளிச்சு வைப்பேன். நீயும் பார்க்கக் கூடாது, உன் நாயும் பார்க்கக் கூடாது.”

“தாராளமா வைங்க ஐயா. பழக்குறதுக்கான மருந்துதான், திரி கிடையாது, வெடிக்காது” என்று டப்பாவை நீட்டினான் பிசேத். “லோலா குரைக்க மாட்டா, தோண்ட மாட்டா. மருந்து வாசம் பட்டா அப்படியே உட்காந்திருவா. சரியாச் சொன்னா அவளுக்கு இந்தப் பந்து.”

அந்த லோலாதான் வரிசையாக வைத்திருந்த பானைகள் அத்தனையையும் கடந்துபோனது. போனதோடு நிற்கவில்லை. நேரே மாமரத்தடிக்குச் சென்று நிழலில் உட்கார்ந்துகொண்டது. மூக்கை மேலே தூக்கியபடி அசையாமல் இருந்தது.

“மகாராணிக்கு வெயில் தாங்கலையாம்!”

“மேல பார்க்குதே, மாங்காய் வேணுமோ என்னவோ! யாராச்சும் பறிச்சுக் குடுங்கப்பா!”

“என் வீட்டு நாய் இதைவிட நல்லா உட்காரும் கன்ஹா. அதுக்கும் ஒரு வசூல் பண்ணும்மா!”

கன்ஹா சாரூனிடம் ஓடினாள். “பெரியப்பா, எந்தப் பானையில வச்சீங்க? இன்னொரு தடவை விட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு தடவை.”

சாரூன் காத்திருந்தது இந்தக் கேள்விக்காகத்தான். சுத்தியலோடு பெஞ்சின்மேல் ஏறி நின்றார்.

“எந்தப் பானையிலயும் வைக்கல! டப்பா ஆத்துக்கு அக்கரையில, என் தம்பி கடையில பத்திரமா இருக்கு. இந்த மைதானத்துல மருந்தே கிடையாது. அப்புறம் எதுக்கு உங்க நாய் உட்காந்துச்சு? நினைச்ச இடத்துல உட்காருற நாய நம்பி, நம்ம பிள்ளைங்க வயல்ல கால் வைக்கணுமா? சொல்லுங்க!”

கைத்தட்டல் எழுந்தது. ஐயம் கேள்வியாக நின்றவரை அதில் நியாயம் இருந்தது. இப்போது அது தீர்ப்பாகிவிட்டது. ஸ்ரெய்நிச் ஊன்றுகோலை இறுகப் பற்றித் தலைகுனிந்தாள்.

பிசேத்தின் முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. “ஐயா, டப்பா நிஜமாவே இங்க இல்லையா?”

“விகாரைக்கு வா, புத்தர் முன்னால நின்னு சத்தியம் பண்றேன். போதுமா?”

பிசேத் கையிலிருந்த நீண்ட கயிற்றை மெல்ல மெல்ல இழுத்து, லோலாவைத் தன்னிடம் வரவழைத்தான். பையிலிருந்த பந்தை எடுத்து அதன் வாயில் கொடுத்தான்.

“பாருங்கய்யா கூத்தை! தோத்த நாய்க்குப் பரிசு வேறயா?” என்று பெஞ்சிலிருந்து இறங்கினார் சாரூன். “திரட்டுன காசை அவங்கவங்களுக்குத் திருப்பிக் குடுத்திரணும். அவ்வளவுதான், கூட்டம் கலையட்டும்!”

சுத்தியலை ஓங்கியபடி அவர் மாமரத்தை நோக்கித் திரும்பினார். பிசேத் பாய்ந்து குறுக்கே நின்றான். அவன் குரலோ, தூங்கும் குழந்தையை எழுப்ப அஞ்சுபவனின் குரலாக இருந்தது.

“அந்த மணியை மட்டும் அடிச்சிராதீங்க, ஐயா.”