வெற்றிலைக் கறை

"மறுபடியும் வெத்தலையா? வாசலெல்லாம் செவப்பு. இது வீடா, இல்ல வெத்தலக் கடையா?"

திட்டிக்கொண்டே சாக்கடையோரம் வாளித் தண்ணீரை வீசி ஊற்றினாள் வீரம்மா. வேலை விட்டு வரும் வழியில் வெற்றிலை போடுவதும், வீட்டு வாசலில் வந்து துப்புவதும் அவள் புருஷன் ரெங்கசாமியின் வருஷக்கணக்கான பழக்கம்.

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "இதையும் விடச் சொல்லாத வீரம்மா. வேற என்ன சொகத்தக் கண்டேன்."

தலை நரைத்தும், பிரிக்பீல்ட்ஸிலிருந்து சாலாக் செலாத்தான் வரை தண்டவாளம் பார்த்து நடக்கிற வேலை. முட்டி இரண்டும் வீங்கிவிட்டன. நொண்டுவது கங்காணிக்குத் தெரிந்தால் வேலை போகும். வேலையோடு இந்த ரயில்வே குவாட்டர்ஸும் போகும். அந்த நேரத்தில்தான் மருந்து கொடுக்கும் டிரெஸர் நாகையா ஆஸ்பிரின் மாத்திரைகளைக் கொடுத்தார். வயதானவர்களுக்குச் சிலசமயம் இது குடலைப் புண்ணாக்கிவிடும் என்று வீரம்மாவையும் எச்சரித்தார்.

"ஒரு சொட்டு ரத்தம் கண்டாலும் மாத்திரைய நிறுத்திட்டு ஓடி வந்துடணும், என்னம்மா?"

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். வேட்டியைத் துவைக்கும்போது பார்த்தாள். இருமினால் ஓடிவந்து பார்த்தாள். எங்கும் ரத்தம் இல்லை. வாசலில் மட்டும் வழக்கமான வெற்றிலைச் சிவப்பு; அதைத் திட்டிக்கொண்டே கழுவிவிட்டாள். வீக்கம் வடிந்து அவர் மிடுக்காக நடந்தார். தினமும் விடியும்போது அவளே மறக்காமல் மாத்திரையை நீட்டினாள்.

ஒருநாள் தண்டவாளத்திலேயே சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் உயிர் போய்விட்டது. மாரடைப்பாக இருக்கும் என்றார்கள். வயசாச்சே என்றார்கள்.

கருமாதிக்கு முதல் நாள், படையலில் வைக்க அவருக்குப் பிடித்ததையெல்லாம் சேர்த்தாள் வீரம்மா. கடைசியாக, அவர் வழக்கமாக நிற்கும் வள்ளியம்மாவின் வெற்றிலைக் கடைக்குப் போனாள்.

"நல்ல கொழுந்தா எடுத்துக் குடு தங்கச்சி. இருந்தப்பல்லாம் இதுக்காகத் திட்டிக்கிட்டே கெடந்தேன். இப்பவாச்சும் ஆசை தீரப் போடட்டும்."

வள்ளியம்மா வெற்றிலைக் கட்டை அவிழ்க்காமல் அவளையே பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியாதாக்கா? அந்த மாத்திரைய முழுங்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே, வயிறு எரியுதுன்னு அண்ணன் வெத்தலைய விட்டுட்டாரே. அப்புறம் தொடவே இல்ல."

வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றி, தன் கையாலேயே இத்தனை நாள் கழுவிவிட்டது எதை என்று வீரம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.