அம்மா சொல்லும் டீம்

"இந்த வருஷமும் உன் செல்லப் பிள்ளை டீம்தான் ஜெயிக்கும்னு சொல்லப் போறே, அப்படித்தானேம்மா?"

பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைக்கூடத் தட்டாமல் சமையலறைக்குள் வந்து நின்றான் ராஸ்கோ. ஆப்பிள் தோலைச் சீவிக்கொண்டிருந்த லொரெட்டா நிமிர்ந்து பார்த்தாள்.

"நாற்பத்தாறு வயசாச்சு. வாசல்ல காலைத் தட்டிட்டு வான்னு இன்னும் சொல்லணுமாடா?"

"பேச்சை மாத்தாதே."

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரே ஆற்றின் இரு கரைகளில் இரண்டு ஊர்கள். இரண்டுக்கும் தனித்தனி பேஸ்பால் டீம். கிழக்குக் கரை ஹார்னெட்ஸுக்கு ராஸ்கோ மேனேஜர். மேற்குக் கரை மஸ்டாங்ஸுக்கு அவன் தம்பி வெண்டல் மேனேஜர். சீசன் தொடங்குவதற்கு முன் உள்ளூர் ரேடியோவில் லொரெட்டாவுக்குப் போன் போட்டு, இந்த வருஷம் எந்த டீம் முதலில் வரும் என்று கேட்பார்கள். இரண்டு மேனேஜர்களையும் பெற்றவள் வாயால் கேட்பதில் ஊருக்கு ஒரு குஷி. நான்கு வருஷமாக அவள் சொன்னது ஒரே பதில்தான். "என் சின்னவன் டீம்."

இன்றைக்கும் அந்தப் போன் வரும். அதற்குள் பேசிவிட வேண்டும் என்றுதான் ராஸ்கோ ஓடி வந்திருந்தான்.

"போன வருஷம் கோப்பை வாங்கினது யாரு? நான். அதுக்கு முந்தின வருஷம்? அதுவும் நான்தான். எட்டு டீம் இருக்கிற லீக்குல வருஷா வருஷம் கடைசியில கிடக்கிறது யாரு? அவன். ஆனா ரேடியோவுல கேட்டா வெண்டல் வருவான், வெண்டல் வருவான்! என் பசங்களே சிரிக்கிறாங்க. 'கோச், பெத்த அம்மாவே உங்களை நம்பலையே'ங்கிறாங்க."

"நான் எதைச் சொன்னா உனக்கென்னடா? நீதான் ஜெயிச்சுக்கிட்டு இருக்கியே."

"ஜெயிச்சு என்ன பிரயோஜனம்? பதிமூணு வயசுல ஒரே மேட்ச்ல மூணு ஹோம் ரன் அடிச்சேன். திரும்பிப் பார்த்தா நீ உட்கார்ந்திருந்த இடம் காலி. அவன் முட்டியில சிராய்ப்புன்னு காருக்குள்ள வெச்சு ஊதிக்கிட்டிருந்தே."

"அவன் அழுதான்டா."

"நான் அழலை. அதான் நான் செஞ்ச தப்பு."

லொரெட்டா இன்னொரு ஆப்பிளை எடுத்தாள்.

"நியாயமா யோசிச்சுப் பாரும்மா. என்கிட்ட இந்த வருஷம் பந்து வீச மூணு நல்ல பிட்ச்சர் இருக்காங்க. அவன்கிட்ட இருந்த ஒரே ஒருத்தனும் தோள்பட்டை பிசகி வீட்ல படுத்திருக்கான். இந்தத் தடவையும் கடைசின்னா வெண்டலை வீட்டுக்கு அனுப்பிடப் போறாராம் அந்த டீம் முதலாளி."

அவள் கையில் இருந்த கத்தி நின்றது.

"யாருடா சொன்னா?"

"அவன் பொண்டாட்டியே சொல்லி அழுதாளாம், என் பொண்டாட்டிகிட்ட. கடையில நாலு பேர் பார்க்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவன்."

"பார்த்தியா? நான் இவ்வளவு நேரம் கத்தினதுக்கு உன் முகம் மாறலை. அவனுக்கு ஒண்ணுன்னதும் வாடிப் போச்சு!"

லொரெட்டா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். உறைந்த ஆற்றையும் அக்கரையில் தெரிந்த மைதானத்து விளக்குக் கம்பங்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி வந்து, பெரிய மகனின் கன்னத்தை ஈரக் கையால் தொட்டாள்.

"உனக்கு அவ்வளவு ஆசையாடா?"

"ஒரே ஒரு தடவைம்மா. என் பேரைச் சொல்லு, போதும்."

போன் மணி அடித்தது. ரேடியோக்கார மில்ட்டன், வழக்கமான உற்சாகத்தோடு கேட்டான்.

"லொரெட்டா அம்மா, ஊரே காதைத் தீட்டிக்கிட்டிருக்கு. இந்த வருஷம் முதல் இடம் யாருக்கு?"

அவள் ராஸ்கோவைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"என் பெரியவனுக்கு. ஹார்னெட்ஸ்தான் முதல்ல வரும்."

ராஸ்கோ அம்மாவைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொண்டான். இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று கரைந்து இறங்கியது போலிருந்தது. அவள் சீவி வைத்த ஆப்பிள் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அவள் தடுத்தும் கேளாமல், மிச்சப் பழங்களையும் சீவ உட்கார்ந்தான்.

மறுபடியும் மணி அடித்தது. வெண்டல். ராஸ்கோ முந்திக்கொண்டு போனை எடுத்தான்.

"என்னடா தம்பி, ரேடியோ கேட்டியா? வயிறு எரியுதா?"

மறுமுனையில் ஒரே கூச்சல். யாரோ விசிலடித்தார்கள். வெண்டல் சிரிக்கிறானா அழுகிறானா என்றே தெரியவில்லை.

"எரியறதா? அண்ணே, என் பசங்க இங்க மேஜை மேல ஏறி ஆடுறாங்க! அம்மா வாயால எந்த டீம் பேர் வந்தாலும் அது உருப்பட்டதே இல்லை, நீ கவனிக்கவே இல்லையா? போன வருஷம் கெஞ்சினேன், என் பேரைச் சொல்லாதீங்கம்மான்னு. 'அப்புறம் ராஸ்கோ தோத்துடுவானேடா'ன்னு சொல்லிட்டாங்க. உன் மேல அவங்களுக்கு இருக்கிற பாசத்தைப் பார்த்து நாலு வருஷமா நான் வெந்துக்கிட்டிருந்தேண்ணே, இன்னிக்குத்தான் அம்மா என்னையும் பெத்த பிள்ளையா நினைச்சிருக்காங்க!"