ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

"இன்னைக்குப் போயி இன்னாடா வீம்பு? தொரைக்கு வுட்டுக் குடு," என்று கூட்டாளி பூபதி காதைக் கடித்தான்.

துளசிங்கம் கேட்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன், ஒல்லாந்துக்கார வில்லம் துரை அடித்த பந்து ஏரியில் விழுந்து, இவன் இறால் வலையில் சிக்கியது. அன்று தொடங்கிய சிநேகம். ஞாயிறுதோறும் பழவேற்காட்டுக் கோட்டை மணலில் மூவரும், கம்பத்தைப் பந்தால் அடிக்கும் ஒல்லாந்து கோல்ஃப் ஆடுவார்கள். கடைசியில் தோற்பவன் எப்போதும் துளசிங்கம்தான்.

இன்று அவன் காற்றைக் கவனித்துக் கோலை வீசினான். பந்து நேராகப் போய்க் கம்பத்தில் மோதியது; பூபதி முன்பே அடித்துவிட்டதால், துரைதான் மிச்சம்.

துரையின் முகம் சுண்டிவிட்டது. "இத்தனை வருஷமும் வேண்டுமென்றே தோற்றாயா?"

"ஆமா தொரை. தோத்தவன் அடுத்த ஞாயித்துக்கெழம வந்தே தீரணும்னு சட்டம் போட்டது நீங்கதானே? எனக்கு வந்துக்கினே இருக்கணும்போல இருந்துச்சி."

"பிறகு இன்றைக்கு மட்டும் ஏன் ஜெயித்தாய்?"

துளசிங்கம் கடல் பக்கம் திரும்பினான். துரையின் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, கடலுக்கு அப்பால் பத்தாவியாவுக்குப் புறப்படும் கப்பல் அவருக்காகக் காத்து நின்றது.

"இப்போ தோத்தது நீங்க தொரை," என்றான். "நீங்கதான் வரணும்."