புடைப்புப் பக்கம்

அட்டையில் செருகிய பல் எக்ஸ்ரே பிலிமின் மூலையைச் சந்திரமதி மூன்றாவது தடவையாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். கடுகளவு புடைப்பு விரலில் உரசியது. இன்றைக்காவது சரியாக வைத்தாகிவிட்டது. ஆறு மாதத் தப்பு இந்த அட்டையோடு ஒழிந்தது.

இருட்டறைக் கதவுக்கு அந்தப் பக்கம், பல் நாற்காலியில் சாய்ந்திருந்தவர் அலெக்சாண்டர். பகலில் ஓர் ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுப்பவர். செவ்வாய், வியாழன் மாலைகளில் அவள் படிக்கும் எக்ஸ்ரே வகுப்புக்கு வாத்தியார். சிங்கப்பூரில் இத்தனை பல் டாக்டர்கள் இருக்க, தேக்காவில் அவள் வேலை பார்க்கும் இந்த மாடி கிளினிக்குக்குத்தான் அவருக்கு வழி தெரிந்திருக்கிறது.

நேற்றுதான் வகுப்பில் சொல்லியிருந்தார். "பல் பிலிம் ஒவ்வொண்ணுலயும் மூலையில ஒரு புள்ளி இருக்கும். ஒரு பக்கம் புடைப்பு, மறுபக்கம் பள்ளம். புடைப்பு எப்பவும் நம்மளப் பார்க்கணும். அப்பத்தான் ஆளுக்கு எதிர்ல நின்னு பார்க்கிற மாதிரி, அவரோட வலது பக்கம் நம்ம இடது கைப்பக்கம் வரும். திருப்பி வச்சா வலது இடதாயிடும். நல்ல பல்லைப் பிடுங்கிடுவாங்க லா."

வகுப்பே சிரித்தது. சந்திரமதி மட்டும் சிரிக்கவில்லை. ஆறு மாதமாக அவள் பள்ளத்தைத்தான் மேலே வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளாகச் செய்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த அன்று டாக்டர் வேலாயுதம் பழைய அட்டை ஒன்றை நீட்டி, "இதே மாதிரி வச்சுக் குடுங்கம்மா. நான் ஆளோட நாக்கு மேல உட்கார்ந்துதான் படம் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். டாக்டர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று அவளும் சிரித்துவைத்தாள். ஏன் இப்படி என்று கேட்க வாய் வரவில்லை.

வகுப்பிலிருந்து வீட்டுக்கு வந்ததும் தன் நோட்டைப் புரட்டினாள். தேதி, பெயர், எந்தப் பல் என்று ஒன்று விடாமல் எழுதிவைப்பது அவள் வழக்கம். நூற்றுப் பதினேழு அட்டைகள். எத்தனை பேருடைய நல்ல பல் போயிற்றோ. அந்தப் பழைய அட்டையை வைத்த ஆளும் தப்பாகத்தான் வைத்திருக்க வேண்டும், தான் அதைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறோம் என்று முடிவுகட்டினாள்.

காலையில் டாக்டரிடம் சொல்லிவிடுவது என்றுதான் வந்தாள். வந்து பார்த்தால் நாற்காலியில் வாத்தியார்.

டாக்டர் உள்ளே வருவதற்கு முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார். "மிஸ் சந்திரமதி, புடைப்பு ஞாபகம் இருக்கா? அட்டையை நான் செக் பண்ணிட்டுத்தான் பல்லைப் பிடுங்க விடுவேன். தப்பா இருந்தா உங்க டாக்டர்கிட்ட நானே சொல்லிடுவேன்."

அவர் சொன்னால் வேலை போய்விடும். சத்தமில்லாமல் திருத்திவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று பட்டது.

டாக்டர் வந்தார். "எந்தப் பக்கம் வலி?"

"கீழ்த்தாடை முழுக்க டாக்டர். ரெண்டு கடைவாய்ப் பல்லும் குத்துது. எந்தப் பல்லுன்னு எனக்கே சொல்லத் தெரியல."

டாக்டர் வாய்க்கண்ணாடியின் காம்பால் இரண்டையும் தட்டினார். இரண்டுக்கும் அலெக்சாண்டர் முகத்தைச் சுளித்தார். "சரி, படம் சொல்லட்டும்" என்று இரண்டு பக்கமும் படம் எடுத்தார் டாக்டர். சந்திரமதி பிலிம்களைக் கழுவி அட்டையில் செருகி முடிக்கும் நேரத்தில் கை கழுவப் போனார்.

குழாய்ச் சத்தத்தில் சந்திரமதி அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். அலெக்சாண்டர் மூலையைத் தடவிப் பார்த்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

டாக்டர் அட்டையை விளக்குப் பெட்டியில் செருகினார். "ஒரு பல்லு நல்லா இருக்கு. வேர் கெட்டியா வெள்ளையாத் தெரியுது. இன்னொண்ணுல வேர் நுனியில கருப்பு. எலும்பு கரைஞ்சு சீழ் கட்டியிருக்கு. எடுத்துட வேண்டியதுதான்."

ஊசி போட்டார். சந்திரமதி மருந்துத் தட்டுகளைக் கழுவ இருட்டறைக்குத் திரும்பினாள். கீழே சாப்பாட்டுக் கடையின் ரெடிபியூஷன் வானொலிப் பெட்டியில் ஏதோ பாட்டு. டாக்டரும் கூடவே முனகிக்கொண்டிருந்தார்.

பீங்கான் கிண்ணத்தில் பல் விழுந்த சத்தம் கேட்டது. டாக்டரின் முனகல் நின்றது.

அவள் எட்டிப் பார்த்தாள். டாக்டர் பல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேர் நுனி பளிச்சென்று இருந்தது; சீழுமில்லை, அரிப்புமில்லை. அப்புறம் அட்டையை உருவி, பிலிமின் மூலையைக் கட்டைவிரலால் தடவினார்.

"சந்திரமதி," குரல் ரொம்பத் தணிந்திருந்தது. "என் அட்டையில பள்ளம்தானே மேல இருக்கும். வாய்க்குள்ள இருந்து வெளியே பார்க்கிற மாதிரி. வலது வலதாவே தெரியும். நான் படிச்சது அப்படி. இருபது வருஷமா அப்படித்தானே பார்க்கிறேன்."

நூற்றுப் பதினேழும் சரி. இன்றைக்கு வைத்தது ஒன்றுதான் தப்பு.

வாய் நிறையப் பஞ்சோடு அலெக்சாண்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

டாக்டர் கேட்டார். "யாரு உங்களை மாத்தி வைக்கச் சொன்னது?"