வெலிமிர் வீட்டுக் கோழிகள்

துப்பாக்கிக் குண்டு ஆண் நரியின் கழுத்தில் பாய்ந்தது. வாயில் கவ்வியிருந்த வெள்ளைக் கோழியை விடாமலேயே அது வளை வாசலில் சரிந்தது.

புதருக்குள் கேமராவோடு படுத்திருந்த மிலுங்கா அலறிக்கொண்டு எழுந்தாள். ஸ்கூல் பஸ் ஓட்டும் நேரம் போக அவளுடைய பொழுதெல்லாம் இந்தச் சரிவில்தான். குட்டிகள் முதன்முதலாக வெளியே தலை நீட்டிய நாளிலிருந்து, அவை கட்டிப் புரள்வதையும் ஒன்றின் மேல் ஒன்று தூங்கி விழுவதையும் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"டேய் வெலிமிர்! நிறுத்துடா! குட்டிங்க இருக்கு!"

"இருக்கட்டும். என் கோழியப் பிச்சித் தின்னுதுங்கன்னு நீதானே வீடியோ எடுத்து ஊருக்கே காட்டுன? இடம் தெரியாம அலைஞ்சிட்டிருந்தேன். ரொம்ப உபகாரம்."

இரண்டாவது குண்டு வெடித்தது. வளைக்குள் ஓடத் தெரியாமல் திகைத்து நின்ற ஒரு குட்டி அங்கேயே சிதறியது. இன்னொன்று வழி தவறி அவன் காலடிக்கே வந்தது. பூட்ஸ் காலைத் தூக்கி மிதித்தான். தாய் நரி மிச்சமிருந்த ஒரே குட்டியைக் கவ்விக்கொண்டு மேட்டில் ஏறி மறைந்தது.

மிலுங்கா கேமரா ஸ்டாண்டைப் பிடுங்கி அவன் முதுகில் ஓங்கிப் போட்டாள். அவன் தடுமாறினான். திரும்பிய வேகத்தில் விட்டான் ஒரு அறை. பழகிய கை என்பது அது விழுந்த விதத்திலேயே தெரிந்தது. உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரித்தது. அவள் அவன் மணிக்கட்டைக் கடித்துத் தொங்கினாள். அவன் உதறித் தள்ளிவிட்டு, கீழே கிடந்த கேமராவைத் துப்பாக்கிக் கட்டையால் இடித்து நொறுக்கினான்.

"கூண்டுத் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருக்கு, உள்ள கோழியக் காணோம். அவ்ளோ கைகாரத் திருடன்டி உன் நரி! அந்தப் பொட்டையையும் விடமாட்டேன். எத்தனை நாள் ஆனாலும் சரி."

அவன் போன பிறகு மிலுங்கா செத்த குட்டிகளை மண்ணுக்குள் வைத்தாள். ஆண் நரியைப் புதைக்கும் அளவுக்குக் குழி தோண்ட முடியவில்லை. கிளைகளை வெட்டி மூடினாள்.

பிறகுதான் நினைவு வந்தது. எதிரே மரத்தில் இன்னொரு சின்னக் கேமராவைக் கட்டி வைத்திருந்தாள். எதிரில் எது அசைந்தாலும் அது தானாகவே படம் பிடிக்கும். அவன் கண்ணில் அது படவில்லை.

வீட்டுச் சமையல் மேஜையில், உதட்டில் ஈரத்துணியை அழுத்திக்கொண்டு அதில் பதிந்ததை ஓட்டிப் பார்த்தாள். வெலிமிர் சுட்டதையும் மிதித்ததையும் போலீசிடம் காட்டலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் படம் அதற்கும் முன்னாலேயே ஆரம்பித்தது. அவள் புதருக்குள் வந்து படுப்பதற்கு முன், விடியற்காலைப் பனியில் இரண்டு ரப்பர் பூட்ஸ்கள் புல்லை விலக்கிக்கொண்டு வந்தன. கழுத்து முறித்த ஒரு வெள்ளைக் கோழியை வளை வாசலில் வைத்தது ஒரு கை. குனிந்த முகம் தெளிவாகத் தெரிந்தது.

யாகொதா. வெலிமிரின் மனைவி.

மிலுங்கா காரை எடுத்துக்கொண்டு நேரே அங்கேதான் போனாள். வெலிமிர் வீட்டில் இல்லை. ரேடியோவில் பாட்டு அலற, யாகொதா ஒற்றை ஆளாக உட்கார்ந்து ரொட்டியைச் சூப்பில் முக்கி நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மிலுங்காவின் வீங்கிய முகத்தைக் கண்டதும் கரண்டி பாதியில் நின்றது.

"உக்காருக்கா. ஐஸ் வச்சு..."

"உன் ஐஸ்ஸும் வேணாம், நீயும் வேணாம்! கோழியக் கொன்னது நீ. கொண்டுபோய் நரி வாசல்ல போட்டது நீ. படத்துல இருக்கு. பால்குடி மறக்காத ரெண்டு குட்டி செத்துப்போச்சுடி! அதுங்க உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு?"

யாகொதா எழுந்து ரேடியோவை அணைத்தாள். ஜன்னல் வழியே காட்டுப் பக்கம் பார்த்தாள்.

"தாய் நரி தப்பிச்சிருச்சில்ல, அக்கா?"

"தப்பிச்சிருச்சு. ஏன், அதையும் சாகடிக்கணுமா?"

"ஐயோ, அது சாகவே கூடாது!"

அந்தப் பதற்றம் நடிப்பில்லை. மிலுங்காவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "என்னடி விளையாடுறியா? இப்பவே உன் புருஷன் கையில இந்தப் படத்தைக் குடுக்கறேன். அவனே கேட்கட்டும்."

வாசல் வரை போனவளின் கையை யாகொதா பிடித்தாள். இறுக்கமாகப் பிடிக்கவில்லை.

"நரியத் தேடி அலையுற நாள்ல மட்டும்தான்கா அவரு என்னை அடிக்கிறதில்ல."