பதினோராவது துண்டு

அறிவுலகமே, எழுந்து நில்! பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வகத்தில், ஈஸ்ட்டுக்குள் புரத உற்பத்தியை ரிப்பன் வெட்டித் தொடங்கிவைக்கும் புரதத்தை மாணவி குளோரியா படம்பிடித்துவிட்டாள். புத்தகப்படி அதற்குப் பத்துத் துண்டுகள். நான்கு முறை எடுத்த படத்திலும் பதினொன்று இருந்தன.

"பதினொண்ணுன்னா ஆய்வேடு குப்பைக்குத்தான். டாக்டர் பட்டம் கிடையாதுலா," என்றார் பேராசிரியர் மரியநாயகம்.

துக்கத்திலும் பசிக்கத்தான் செய்தது. ஆய்வேட்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆப்பக்கடைக்குப் போனார்கள்.

"அண்ணே, பத்து ஆப்பம்," என்றாள் குளோரியா.

தட்டில் பதினொன்று வந்தன.

"பத்துதாம்மா ஊத்துனேன்," என்று சிரித்தார் கடைக்காரர். "ஈஸ்ட்டு போட்ட மாவுலா. எப்பவும் ஒண்ணு கூட வரும்."

பேராசிரியர் மூன்று முறை எண்ணினார். பிறகு அங்கேயே ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார். குளோரியா கடைக்காரரைத் தூக்கிச் சுற்றாத குறை.

பதினோராவது ஆப்பத்தைப் பேராசிரியரே தின்றார். உப்பு கம்மி என்றார்.